கொடி பிடித்தவர்களும் கொடிக்குக் கீழே வாழ்ந்தவர்களும்



சோவியத் நாட்டிலிருந்து தமிழுக்கு வந்த புத்தகங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டோம். ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாம்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி இருந்தது. மொத்தக் கட்டுரைக்கும் வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். அவற்றில் இரண்டை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு சுமந்த ஒருவரின் மகன் எழுதியது. "அண்ணாச்சி, எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சங்கம் வந்த பிறகுதான் கூலியைக் கையில் எண்ணி வாங்கினார். எங்கள் வீட்டுச் சுவரில் வ.உ.சி. படத்துக்குப் பக்கத்தில் லெனின் படம்தான் தொங்கியது. அந்த நாட்டை ஜெயில் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

இன்னொன்று, போலந்தில் கணினி வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண் எழுதியது. வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டு அம்மாளிடம் பேச்சுவாக்கில் தன் சித்தப்பா மகன் பெயர் ஸ்டாலின் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரை எப்படி வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாராம். அவருடைய தாத்தா 1940இல் சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை. "ஐயா, நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்டு முடிக்கிறது அந்தக் கடிதம்.

இரண்டு கடிதங்களையும் பலமுறை படித்தேன். இரண்டு பேருமே உள்ளதைத்தான் சொல்கிறார்கள். ஒரே கொடியை ஒருவர் தகப்பனின் கையில் பார்த்தார். இன்னொருவர் தாத்தாவைக் கூட்டிப்போன வண்டியின் மேல் பார்த்தார். உலகம் முழுக்கக் கம்யூனிஸ்ட் ஆட்சிகளைப் பற்றி மனிதர்கள் இவ்வளவு மாறுபட்டு நினைப்பதற்கு முதல் காரணம் தத்துவம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கொடி உங்கள் ஊருக்கு எந்த வழியாக வந்தது, கேட்கிறவர்களோடு வந்ததா, ஆளுகிறவர்களோடு வந்ததா என்பதுதான் காரணம். நம் கரைக்கு அது கேட்கிறவர்களோடு வந்தது.

அந்தக் கொடி வருவதற்கு முன்பே கேட்பது இங்கே தொடங்கிவிட்டது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சியே கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் பேசினார்கள், ஊர் மக்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். வெள்ளைக்கார நிர்வாகம் கூலியை உயர்த்தியது, ஞாயிறு விடுமுறைக்கும் ஒத்துக்கொண்டது. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச்சூட்டில் நால்வர் இறந்தார்கள். கோரல் மில்காரர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக இல்லை, சிறையில் இருப்பவர்களுக்காக. அதே ஆண்டு ஜூலையில் திலகருக்காகப் பம்பாய் மில் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தை லெனின் பாராட்டி எழுதினார். அதை நான்கு மாதத்துக்கு முன்பே செய்துகாட்டிய ஊர் இது.

எட்டயபுரத்துக்காரர் பாரதியைப் பாருங்கள். ஜார் மன்னன் வீழ்ந்ததை ஆனந்தமாகப் பாடிய முதல் தமிழ்க்கவி அவர். அந்தப் 'புதிய ருஷியா' பாட்டை மேடையில் முழங்காத இடதுசாரி இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் அதே பாரதி பிறகு 'செல்வம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். உலகத்துச் செல்வம் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லெனின் வழியை அவர் ஏற்கவில்லை. கொன்றும் பறித்தும் சமத்துவத்தை நிலைநாட்டிவிட முடியாது, அப்படி நிலைநாட்டியது நிற்காது என்று நேராகவே சொன்னார். 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். ஸ்டாலின் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்புக் குறைவு. ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாம்களோ பஞ்சமோ அவருக்குத் தெரியாது. இருந்தும் அவருக்குள் அந்தக் கலக்கம் இருந்தது. ஒரே மனிதரின் நெஞ்சில் அந்த மகிழ்ச்சியும் இந்தக் கலக்கமும் அடுத்தடுத்து இருந்ததை நாம் பாடப்புத்தகத்தில் சொல்வதில்லை. கவிதையை ஒரு தரப்பும் கட்டுரையை மறு தரப்பும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு நடந்ததைச் சொன்னால்தான் முதல் கடிதக்காரரின் வீட்டுச் சுவர் புரியும். 1948 பிப்ரவரியில் கல்கத்தா மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் பாதையை எடுத்தது. சென்னை மாகாணத்தில் கட்சி தடைசெய்யப்பட்டது, தலைவர்கள் தலைமறைவானார்கள். நம் பகுதியில் நெல்லைச் சதி வழக்கு போடப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணுவைப் பிடித்தபோது போலீஸ் அவர் மீசையை சிகரெட்டால் பொசுக்கியது. வாழ்க்கையின் ஏழு ஆண்டுகள் அவருக்குச் சிறையில் போயின. இடைசெவல் கி. ராஜநாராயணன் விவசாயிகள் போராட்டத்தில் சிறை கண்டவர். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது, 22 பேர் செத்தார்கள். குடியரசு பிறந்து பதினாறாவது நாள் அது.

இதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் போய், கம்யூனிஸ்ட் என்றால் சர்வாதிகாரி என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்? அவர்கள் பார்த்த கம்யூனிஸ்ட் வீட்டில் அடுப்பெரியாமல் சங்க ஆபீசில் படுத்துக் கிடந்தவர். உப்பளத்தில் கால் வெடித்து நின்ற பெண்களுக்காக அளத்துக்காரர்களிடம் போய் நின்றவர். அந்த மரியாதையை அவர்கள் சம்பாதித்தார்கள். யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போகும் எதுவும் அதைக் குறைப்பதற்கு இல்லை.

ஆனால் சோவியத் நாட்டைப் பற்றி நமக்கு வந்த செய்தி எந்த வழியாக வந்தது என்றும் பார்க்க வேண்டும். பெரியார் 1932இல் சோவியத் ரஷ்யாவில் சில மாதங்கள் சுற்றிப் பார்த்தார், மனம் நிறைந்து திரும்பினார். வந்ததும் சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் போட்டார். அவர் அங்கிருந்து கிளம்பிய அதே ஆண்டின் பனிக்காலத்தில் உக்ரைனில் பெரும் பட்டினிச்சாவு தொடங்கியது. விவசாயிகளிடமிருந்து தானியத்தை அரசு கட்டாயமாக அள்ளிக்கொண்டு போனது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த நாட்டுப் பத்திரிகை எதுவும் அதை எழுத முடியவில்லை. விருந்தாளிக்குக் காட்டப்படும் நாடும் குடியானவன் வாழ்கிற நாடும் வேறுவேறாக இருந்த காலம் அது.

பிறகு புத்தகங்கள் வந்தன. மாஸ்கோவில் உட்கார்ந்து ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் மொழிபெயர்த்தார்கள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், டீ குடிக்கிற காசுக்குப் புத்தகம். நியூ செஞ்சுரி விற்பனைப் பந்தலில் பெரல்மானின் பௌதிகத்தை வாங்கிப் படித்து எஞ்சினியர் ஆனவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கிறார்கள். நெல்லைக்காரர் தொ.மு.சி. ரகுநாதன் கார்க்கியின் 'தாய்' நாவலையும் மாயகோவ்ஸ்கியையும் தமிழுக்குத் தந்தார். அவருடைய 'பஞ்சும் பசியும்' செக் மொழிக்குப் போனது. அவர் சேர்த்த நூலகம் எட்டயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் புத்தகங்கள் நமக்குச் செய்த நன்மை பெரிது. ஆனாலும் அந்த அலமாரியில் சோல்ஷெனிட்சினின் முகாம் வரலாறு இருந்திருக்க முடியாது. அதை எழுதிய மனிதரை 1974இல் நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அழகான அட்டைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி இருந்தது நமக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். ரகுநாதனின் 'சாந்தி' இதழில் எழுதத் தொடங்கிய நாகர்கோவில் சுந்தர ராமசாமி, ஸ்டாலின் காலத்துக் கொடுமைகள் வெளியே வந்த பிறகு, 1956க்குப் பின் மனம் விலகினார். அதே ஊர்ப் பின்னணியில் ஜெயமோகன் 1999இல் எழுதிய 'பின் தொடரும் நிழலின் குரல்', 1938இல் ஸ்டாலின் கொன்ற போல்ஷெவிக் தலைவர் புகாரினின் கதையைத் தமிழ்த் தொழிற்சங்கக்காரன் ஒருவனின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து வைத்தது. அந்த நாவலைச் சுற்றி எழுந்த கோபம் எவ்வளவு, வரவேற்பு எவ்வளவு என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

இதே தெருக்களில் இன்னொரு நினைவும் ஓடிக்கொண்டிருந்தது. சங்க ஆபீசில் லெனின் படம் மாட்டியிருந்த அதே ஆண்டுகளில், முத்துக்குளித்துறையின் கோயில்களில் ரஷ்யாவுக்காக ஜெபம் நடந்தது. 1930இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், பூசை முடிவில் உலகெங்கும் சொல்லப்பட்டு வந்த ஜெபங்களை ரஷ்ய மக்களுக்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னார். அங்கே கோயில்கள் பூட்டப்பட்டன, குருக்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதுதான் காரணம். 1960களின் நடுப்பகுதியில் வழிபாட்டு முறை மாறும்வரை அது நீடித்தது. இந்தக் கரையின் திருச்சபையை நடத்தியவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று நினைக்கக்கூடாது. 1923இல் உருவான தூத்துக்குடி மறைமாவட்டத்தின் ஆயர் பிரான்சிஸ் திபூர்சியஸ் ரோச், இந்தியாவின் இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயர். 1949இல் கம்யூனிசத்தை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கர் சபைக்குப் புறம்பாவர் என்று ரோமாபுரி ஆணையிட்டது. அப்படியும் ஹார்பரில் சங்கத்துக்குச் சந்தா கட்டிவிட்டு, மாலையில் பனிமய மாதா கோயிலில் முழங்காலிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் இந்த இரண்டையும் மனதுக்குள் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. எழுதவேண்டிய வரலாறு அது.

அரசே முதலாளியானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கரையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு, முத்துக்குளித்தல். நிலத்துக்குப் பண்ணையார் உண்டு, மில்லுக்கு முதலாளி உண்டு. முத்துப்பாருக்கு என்றுமே தனி முதலாளி கிடையாது. பாண்டியன், போர்த்துகீசியன், டச்சுக்காரன், ஆங்கிலேயன், கடைசியில் நம் அரசின் மீன்துறை என்று அது எப்போதும் ஆள்பவர் சொத்து. வெள்ளைக்காரர் காலத்தில் அள்ளிவந்த சிப்பியை மூன்று கூறாக்கினால் இரண்டு கூறு சர்க்காருக்கு, ஒரு கூறு குளித்தவர்களுக்கு. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கொற்கையைப் பற்றி முதல் நூற்றாண்டுக் கிரேக்கப் பயண நூல் 'பெரிப்ளஸ்' சொல்லும் செய்தி இன்னும் கடுமையானது: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். அதைப் படிக்கும்போது எனக்கு சைபீரியாவின் கோலிமா நினைவுக்கு வருகிறது. 1930களிலிருந்து அங்கே பனிக்கு அடியிலிருந்து தங்கம் தோண்டியவர்களும் கைதிகள்தான். இடையில் இரண்டாயிரம் ஆண்டுகள் போயிருந்தன, ராஜாவின் இடத்தில் மக்கள் பெயரால் அமைந்த அரசு வந்திருந்தது.

தனியார் முதலாளி ஒருவர் கொடுமை செய்தால் அரசிடம் முறையிடலாம். அரசே முதலாளி, அதுவே நீதிபதி, அதுவே பத்திரிகை, சங்கமும் அதனுடையதுதான் என்றால் எங்கே போவது? இந்தக் கேள்வியை இன்னொரு துறைமுகத்துத் தொழிலாளர்கள் கேட்டார்கள். போலந்து வீட்டு அம்மாளின் மௌனத்தை விளங்கிக்கொள்ள அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பால்டிக் கடற்கரையில் கதான்ஸ்க் துறைமுகம். அங்கிருந்த பெரிய கப்பல் கட்டும் தளத்தின் பெயரே லெனின் கப்பல்தளம். 1970 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில், அரசு உணவுப்பொருள் விலையை ஏற்றியது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 17 காலை பக்கத்துத் துறைமுகமான கதினியாவில், வேலைக்குத் திரும்பச் சொன்னதைக் கேட்டு ரயிலில் வந்து இறங்கிய ஷிப்டுக்காரர்கள் மேல் ராணுவம் சுட்டது. கடலோர நகரங்களில் எல்லாம் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல உடல்களை இரவோடு இரவாகப் புதைத்தார்கள். செத்தவர்களுக்குப் பொதுவில் ஒரு மாலை வைக்கவும் விடவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1980 ஆகஸ்டில், அதே தளத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஆன்னா வலென்டினோவிச் என்ற பெண்ணை, ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கினார்கள். சட்டத்துக்குப் புறம்பாகச் சங்கம் கட்ட முயன்றவர் அவர். ஆகஸ்ட் 14 அன்று தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்தார்கள். லேக் வலேன்சா என்ற எலெக்ட்ரீசியன் முன்னுக்கு வந்தார். அவர்கள் எழுதிவைத்த 21 கோரிக்கைகளில் முதலாவது, கட்சிக்கும் நிர்வாகத்துக்கும் கட்டுப்படாத சுதந்திரமான தொழிற்சங்கம். கேட்டின் கம்பிகளில் பாப்பரசர் படத்தையும் பூக்களையும் செருகிவைத்தார்கள். உள்ளேயே பூசை நடந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற குடும்பங்கள் ரொட்டி கொடுத்தன. கோரல் மில்காரர்களுக்குத் தூத்துக்குடி சோறு போட்டதைப் போலவே.

ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்துப் போட்டது. சாலிடாரிட்டி என்ற அந்தச் சங்கத்தில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1970இல் செத்தவர்களுக்குக் கப்பல்தள வாசலில் நினைவுச்சின்னம் எழுந்தது: மூன்று உயரமான சிலுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். நம் கடற்கரைக் கல்லறைத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சின்னத்துக்கு விளக்கம் தேவையில்லை. 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்தது, சங்கம் தடைசெய்யப்பட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். 1989 ஜூன் 4 அன்று தேர்தல் நடந்து அந்த ஆட்சி முடிவுக்கு வரத் தொடங்கியது. அதே ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில் மாணவர்கள் மேல் டாங்கிகள் ஏறின.

துறைமுகச் சங்கத்துக்காரரின் மகனுக்கு நான் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். தம்பி, உங்கள் அப்பா தூத்துக்குடியில் எதற்காகக் கொடி பிடித்தாரோ அதே விஷயத்துக்காகத்தான் அந்தத் தொழிலாளர்கள் அந்தக் கொடியை எதிர்த்து நின்றார்கள். கூலியைக் கணக்காக வாங்க, கேட்டதற்காக வேலை போகாமல் இருக்க, தனக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொள்ள. உங்கள் அப்பா கதான்ஸ்கில் பிறந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சோவியத் ஆட்சி நம் கரையைக் கிட்டத்தட்டத் தொட்ட இடம் ஒன்று உண்டு. 1988 நவம்பர் 20 அன்று டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் அணு உலைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். செர்னோபில் அணு உலை விபத்து நடந்து இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. 1986 ஏப்ரல் 26 விடியற்காலையில் அந்த உலை வெடித்தது. பக்கத்து ஊரான பிரிப்யாத் மக்களை மறுநாள் மதியம்தான் வெளியேற்றினார்கள். உலகத்துக்குத் தெரிந்தது 28ஆம் தேதி, அதுவும் ஸ்வீடனின் அணுமின் நிலையம் ஒன்றில் கதிர்வீச்சுக் கருவிகள் காட்டிக்கொடுத்த பிறகு. மே 1 அன்று கீவ் நகரத் தெருக்களில் குழந்தைகளோடு மே தின ஊர்வலம் நடந்தது. கோர்பசேவ் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களிடம் பேசியது மே 14 அன்று.

இந்தத் தேதிகளைக் கூடங்குளத்தை ஒட்டிய இடிந்தகரைப் பெண்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2011, 2012இல் அங்கே உலைக்கு எதிரான போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்களுக்குக் கம்யூனிசத்தின் மேல் எந்தப் பகையும் கிடையாது. விபத்து நடந்தால் எங்களிடம் உண்மையைச் சொல்வீர்களா என்பதுதான் அவர்கள் கேட்டது. அதைச் சொல்லாத ஓர் அரசு வடிவமைத்த உலை, அதைக் கேட்டால் தேசத்துரோக வழக்குப் போடும் நம் அரசின் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் அந்த வழக்கு பாய்ந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று நம் மாவட்டத்து மணப்பாட்டில் மீனவர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்.

அந்த நேரத்தில் இடதுசாரிக் கட்சிகள் எடுத்த நிலை இந்தக் கரையில் பலருக்கு இன்றும் வலிக்கிறது. வெளிநாட்டு உலைகளைப் பொதுவில் எதிர்த்த மார்க்சிஸ்ட் கட்சி, கட்டி முடித்த கூடங்குளம் உலைகளைக் கைவிடச் சொல்லவில்லை. பாதுகாப்பை உறுதிசெய்துவிட்டு இயக்கலாம் என்றது. அதில் ரஷ்யா மேலிருந்த பழைய பாசத்துக்குப் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அந்தக் கட்சியின் மூத்த தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் கட்சியின் நிலையை மீறி அந்த மாதமே போராட்டக்காரர்களைப் பார்க்கக் கிளம்பினார், களியக்காவிளை எல்லையில் தடுக்கப்பட்டுத் திரும்பினார். தொண்ணூறு வயதை நெருங்கிய மனிதர். கட்சி, கொள்கை, பழைய நேசம் எல்லாவற்றுக்கும் மேல் மீனவரின் பயத்தை வைத்த கம்யூனிஸ்ட்டும் உண்டு என்பதை அந்தக் கரை மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

உலகத்தின் மற்ற இடங்களில் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? பியூ ஆய்வு மையம் 2019இல் கேட்டபோது, பல கட்சி ஆட்சிமுறைக்கு மாறியதைப் போலந்தில் 85 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், ரஷ்யாவில் 43 சதவீதம் பேர்தான். அதே ஆண்டு லெவாடா மையம் எடுத்த கணக்கில் ரஷ்யர்களில் 70 சதவீதம் பேர் ஸ்டாலினின் பங்கு நல்லதே என்றார்கள். முகாம்களில் அதிகம் இழந்த நாடே இப்படிச் சொல்வது நமக்குத் திகைப்பாக இருக்கும். ஆனால் 1990களில் அங்கே நடந்ததைப் பாருங்கள். தொழிற்சாலைகள் அடிமாட்டு விலைக்குப் போயின, ஓய்வூதியம் காகிதமாயிற்று, ஆண்களின் சராசரி ஆயுள் 64ஐ ஒட்டி இருந்தது சில ஆண்டுகளில் 57ஐ ஒட்டி இறங்கியது. சுதந்திரம் என்ற பெயரில் பட்டினி வந்தால், சோறு போட்ட சிறை நல்லதாகத் தெரியும். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. போலந்துக்கு அந்த ஆட்சி வெளியிலிருந்து வந்தது, அதை உதறியது விடுதலை. ரஷ்யாவுக்கு அது சொந்தம், அதோடு சேர்ந்து தன் பெருமையும் போய்விட்டது என்ற துக்கம்.

சீனாவை எந்த எண்ணாலும் அளப்பது கடினம். வறுமையிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் மேலே வந்தது கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு மக்களிடம் நன்றி இருப்பதும் இயல்பு. 1959 முதல் 1961 வரையான பஞ்சத்தில் கோடிக்கணக்கில் செத்ததைப் பற்றி அங்கே வாய்விட்டுப் பேச முடியாது. பேச முடியாத இடத்தில் எடுக்கும் கருத்துக்கணிப்பை எவ்வளவு நம்புவது?

நம் நாட்டிலேயே செங்கொடி ஆண்ட இடங்கள் உண்டு. கேரளத்தில் 1957இல் வாக்குப்பெட்டி வழியாக வந்தது, மேற்கு வங்கத்தில் 34 ஆண்டுகள் இருந்தது. 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமத்தில் நிலத்தைக் கொடுக்க மறுத்த விவசாயிகள் மேல் அந்த அரசின் போலீஸ் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். செய்தி அன்றைக்கே நாடு முழுக்கத் தெரிந்தது. இடதுசாரி எழுத்தாளர்களே தெருவில் இறங்கினார்கள். 2011இல் மக்கள் வாக்களித்து அந்த ஆட்சியை இறக்கினார்கள். தோற்ற முதலமைச்சர் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கதினியாவில் செத்தவர்களின் குடும்பங்கள் பத்து வருஷம் வாய் திறக்க முடியாமல் இருந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் எந்த ஆட்சியைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்பது விளங்கும். கொடியின் நிறம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இறக்க முடிந்த ஆட்சி ஒன்று, இறக்க முடியாத ஆட்சி மற்றொன்று.

துப்பாக்கிச்சூடு என்றால் என்ன என்று தூத்துக்குடிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 மே 22ஐ ஒட்டி இங்கே ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது கம்யூனிஸ்ட் அரசு இல்லை. அந்த நாளின் வலி இன்னும் ஆறாத ஊர், கதினியாவில் ரயிலிறங்கிச் செத்தவர்களைத் தன் சொந்தக்காரர்களாக நினைக்க முடியும் என்று நம்புகிறேன். அந்தப் பெண் எனக்கு எழுதிய கேள்விக்கும் இதுதான் என் பதில். மகளே, அந்த அம்மாளிடம் சொல்லுங்கள்: எங்கள் ஊரில் அந்தப் பெயர்களை வைத்தவர்கள் அடித்தவர்கள் இல்லை, அடிபட்டவர்கள். உங்கள் தாத்தாவைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இப்போது சொல்லுங்கள், கேட்கிறோம். அவர் சொல்வதை எழுதி அனுப்பினால் அப்படியே வெளியிடுகிறேன்.

மற்ற வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் கப்பல் வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அந்தக் காலத்தில் ஒதேசாவிலும் கான்ஸ்டன்சாவிலும் கதான்ஸ்கிலும் கரை இறங்கியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம். அந்த ஊர்க் கடைகளில் என்ன கிடைத்தது, துறைமுகத் தொழிலாளி உங்களிடம் எதைப் பேசினான், எதைப் பேசும்போது திரும்பிப் பார்த்தான், உங்களிடம் எதை விலைக்குக் கேட்டான் என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். அந்த நாடு பிடித்திருந்தால் பிடித்தது என்று எழுதுங்கள், பயந்திருந்தால் பயந்தேன் என்று எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளைகள் எழுதி அனுப்பலாம், குரலாகப் பதிந்தும் அனுப்பலாம். சங்க ஆபீஸ் சுவரில் இருந்த படங்களின் நிழற்படங்களும், பழைய சந்தா ரசீதுகளும், ரஷ்யாவுக்காகச் சொல்லிய ஜெபம் அச்சிட்ட பழைய ஜெபப்புத்தகங்களும் இருந்தால் அவையும் வேண்டும், பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். அடுத்த இதழில் இருபது பக்கத்தை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம், போதாவிட்டால் அதற்கடுத்த இதழிலும் தொடரும்.

அன்புடன்,
ஆசிரியர்